முப்பத்திரண்டு டிகிரிக் கடல்

இன்ஜின் அறைத் திரையில் கூலரின் வெப்பநிலை எண்பத்தெட்டைத் தொட்டது. நான் ஏழாவது முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

“உக்காருங்க சார். நீங்க நடக்கிற நடைக்கே இன்னும் ரெண்டு டிகிரி ஏறிடும்” என்றார் சீஃப். கப்பலின் தலைமை இன்ஜினியர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் போர்க்கப்பலில் எல்லாமே மின்சாரம். இன்ஜின் தயாரிக்கும் மின்சாரத்தில்தான் ப்ரொபெல்லர் சுழல வேண்டும், சுக்கான் திரும்ப வேண்டும், சமையலறையில் டீ கொதிக்க வேண்டும். கூலர் வழியாக அந்த இன்ஜினைக் குளிர்விப்பது கடல்நீர். கடலே இன்று முப்பத்திரண்டு டிகிரி.

தொண்ணூற்றைந்தைத் தொட்டால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நின்றுவிடும். அதன்பிறகு சுக்கானும் கிடையாது, டீயும் கிடையாது.

இருபது நிமிடத்தில் பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகலான நீர்வழி.

மேல்தளம் முழுக்கக் குடும்பங்கள். வருடத்தில் ஒருநாள் கப்பல்காரர்கள் தங்கள் வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வருவார்கள். கப்பல் கட்டிய கம்பெனிக்காரன் என்று என்னையும் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். என் மனைவி, மகள், என் தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்ட மாமியார். சீஃபின் இரட்டைப் பெண்கள். யாருக்கும் புழுங்கக்கூடாதாம், எல்லா ஏசியும் முழு வீச்சில்.

எண்பத்தொன்பது.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தச் சான்றிதழ். கடல்நீர் முப்பத்தைந்து டிகிரி வரை முழு வேகத்தில் செல்லலாம், சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்தத் தாளை நம்பித்தான் கேப்டன் கொஞ்சமும் வேகம் குறைக்காமல் போகிறார்.

அதை எழுதியவன் நான். சோதனை நடந்தது நல்ல குளிர்காலத்தில். தண்ணீர் பன்னிரண்டு டிகிரி. கோடை வரை காத்திருக்க மேலிடத்துக்குப் பொறுமையில்லை. மீதி இருபத்துமூன்று டிகிரியை நான் பேனாவாலேயே சூடாக்கினேன்.

தொண்ணூறு.

“மெதுவா போகச் சொல்லலாமே, சீஃப்.”

“பேப்பர் முப்பத்தஞ்சுங்குது. நான் என்ன காரணம் சொல்லட்டும்?”

நகத்தைக் கடித்தபடியே சொன்னார்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். வழக்கும் வரலாம். ஆனால் என் மகளுக்கு நீச்சல் தெரியாது.

தொண்ணூற்றிரண்டு. கேப்டனுக்குப் போன் செய்தேன்.

“சார், அந்தச் சான்றிதழ் பொய். நான்தான் எழுதினேன். சூடான தண்ணில சோதிக்கவே இல்ல. பாறைக்கு நடுவுல போகாதீங்க.”

வெப்பத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கேப்டன் நினைத்திருப்பார்.

“சான்றிதழ்ல கீழ சாட்சிக் கையெழுத்து இருக்கே. நேவி ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு பாக்காமலா போட்டிருப்பார்?”

அந்தக் கிறுக்கல் யாருடையது என்று நானும் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. சோதனைக்கு ஆள் வரவில்லை, நேவிக்குத் தாளை அனுப்பினோம், கையெழுத்தோடு திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

கேப்டன் கேட்டது சீஃபின் காதிலும் விழுந்திருக்க வேண்டும், என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“அந்த சாட்சி நான்தான் சார். அன்னைக்கு நான் அந்தப் பக்கமே போகல.”

கேப்டன் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், காலடியில் இன்ஜினின் அதிர்வு மெல்லக் குறையத் தொடங்கியது.