லொரென்சோ தந்த பூட்டன்

"இந்த ஆள்தான் இனி உன் பூட்டன்," என்றார் லொரென்சோ.

இராஜதுரை படத்தைப் பார்த்தான். தலைப்பாகை, காதில் கடுக்கன், மடியில் ஒரு குடை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் புதுச்சேரிக்குப் போய் நீர்வண்ணத்தில் வரைந்த தமிழன். பூட்டனுக்கும் பேரனுக்கும் ஒற்றுமை என்று பார்த்தால் நிறம் மட்டும்தான்.

லொரென்சோ பலெர்மோவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். இராஜதுரை அங்கே சாமான் தூக்குபவன். செத்துப்போன ஒரு கிழவியின் வீட்டை ஒதுக்கப் போன இடத்தில், பிள்ளைகள் வந்து பார்க்குமுன் முதலாளி இந்தப் படத்தைக் கோட்டுக்குள் செருகிவிட்டார். செருகியது சுகமாக முடிந்தது. விற்பதுதான் பெரும்பாடு. எந்த வீட்டில் இருந்தது, யார் பரம்பரையில் வந்தது என்று தெரியாமல் ஏலக்காரர்கள் இப்படிப்பட்ட படங்களைத் தொடமாட்டார்கள்.

"உங்கள் ஆட்கள் செத்தவர்களின் படத்துக்குப் பூப்போட்டு, நெருப்புக் காட்டிக் கும்பிடுவீர்கள்தானே? அப்படியே செய். படத்தைச் சோதிக்கப் பாரிஸ் ஏலக்கடையிலிருந்து ஒரு சிஞ்ஞோரா வருவாள். பரம்பரைச் சொத்து என்று சொல்."

இராஜதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"உன் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. ஞாபகம் இருக்கிறதா?"

படத்தைக் கையில் வாங்கிக்கொண்டான். ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி இல்லை. பெர்மெசோ இல்லையென்றால் பெண்சாதியோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நிரந்தரமாக எழுதித் தாருங்கள் என்று எத்தனையோ வருடமாகக் கேட்கிறான். "பார்ப்போம்" என்பார் லொரென்சோ. இன்னும் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்.

சீசாப் பகுதியில் இருந்த அவர்களுடைய சின்ன வீட்டின் சுவரில் ஆணி ஒன்றுதான். அதில் தொங்கியதைப் பெண்சாதி பிரசாந்தினி கழற்றி அலமாரிக்குள் வைத்தாள், பூட்டன் ஏறினார். விளக்கு, சூடம், சந்தனம் எல்லாம் முதலாளியே பல்லரோச் சந்தைப் பக்கம் அலைந்து வாங்கிவந்தார்.

"இஞ்சேருங்கோ, பொலிஸ் கிலிஸ் வந்தால்?"

"வந்தால் பூட்டன் பாத்துக்கொள்ளுவார். நீர் திரியைக் கொளுத்தும்."

ஒரு கிழமையாகக் காட்டிய சூடத்தில் படத்தின் கண்ணாடி கறுத்துப்போனது. எவ்லின் என்ற அந்தப் பாரிஸ் அம்மா வந்து, புகையையும் சந்தனப் பொட்டையும் பார்த்தாள். பிரசாந்தினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, பூட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் சுருட்டு ஏற்றிக்கொண்டு புதுச்சேரி போன கதையை உடைந்த இத்தாலி பாஷையில் சொன்னாள். லொரென்சோ சொல்லிக்கொடுத்த கதையில் புயல் இல்லை. அவள் ஒரு புயலையும் அடிக்க விட்டாள். எவ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடும்பச் சேகரிப்பு. சந்தேகமே இல்லை," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் படி இறங்கிய சத்தம் ஓய்ந்ததும் லொரென்சோ படத்தைக் கழற்றக் கை நீட்டினார்.

"ஐயோ, தொடாதேங்கோ!" பிரசாந்தினி குறுக்கே பாய்ந்தாள். சற்றுமுன் வந்த இத்தாலி பாஷை போன இடம் தெரியவில்லை. "விளக்கு வைச்ச ஆளை வெளியில அனுப்பினால் குடும்பம் அழிஞ்சுபோகும்!"

"என்ன சொல்கிறாள்?"

"தரமாட்டாளாம், சிஞ்ஞோரே."

லொரென்சோ கத்தினார். அவள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. படத்தைப் பறித்துக்கொண்டு ஓடவும் வழியில்லை. இந்தக் குடும்பத்துச் சொத்து என்று இப்போதுதான் எழுத்தில் வாங்கியிருக்கிறார். குரலை இறக்கினார்.

"உங்கள் சாமி எதற்குமே மனம் இறங்காதா? கேட்டுப் பார், ராஜா."

இராஜதுரை கேட்டான். பிரசாந்தினி கண்ணை மூடி, கொஞ்சம் ஆடி, பிறகு கதைத்தாள்.

"ராத்திரிக் கனவில வந்தவர். இந்த வீட்டு ஆம்பிளைக்கு நிரந்தர வேலையெண்டு கையெழுத்து விழுந்தால்தான் சுவரை விட்டு இறங்குவாராம்."

இராஜதுரை அதைச் சொல் கூடாமல் குறையாமல் மொழிபெயர்த்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

லொரென்சோ படத்தைப் பார்த்தார். பூட்டனும் அவரைப் பார்த்தார். கிழவியின் வீட்டில் கை வைக்கப் பயப்படாத மனிதருக்கு, பிறத்தியார் சாமியோடு விளையாடத் துணிவு வரவில்லை.

மறுநாள் கணக்காளரையும் கூட்டிவந்து நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பிரசாந்தினி கடைசியாக ஒருமுறை சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, பூட்டனைத் தன் கையாலேயே இறக்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அலமாரிக்குள் இருந்த மாதா படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கம்போல புருசனோடு மாதா கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். வேதக்காரி பிற தெய்வத்துக்குச் சூடம் கொளுத்திய குற்றத்துக்குப் பாதர் விதித்த அபராதம், ஒரு செபமாலை.