தாய் கண்ட கனவு

நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் அதன் கனவைப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது. தூத்துக்குடிக் கடையில், தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் குட்டியின் நெற்றியில் கைவைத்து எஸ்தர் கண்ணை மூடினாள். முதலில் பால்வாசம் வந்தது. பிறகு திரும்பிப் படுக்கவும் இடமில்லாத கூண்டில் ஒரு தாய் நின்றது.

“இதோட அம்மாவப் பாக்கலாமா?”

“அதெல்லாம் காட்டுறதில்லக்கா. வளந்தா குட்டியே மறந்துரும்,” என்றார் கடைக்காரர்.

தாயைக் காட்டாத இடத்தில் வாங்க மனம் வரவில்லை; ஆனாலும் அந்தக் குட்டியை விட்டுவிட்டு வந்தது அவள் நெஞ்சை அறுத்தது.

மறுவாரம், வீட்டில் வளர்க்கும் நாயின் குட்டிகளை விற்கும் பொன்னுத்தாய் என்பவரின் வீட்டுக்குப் போனாள். அங்கே தாயும் குட்டியும் வேப்பமர நிழலில் ஒட்டிப் படுத்திருந்தன. குட்டியின் கனவெல்லாம் வெயிலும் புல்லும் தாயின் ஈர நாக்கும்தான். எஸ்தருக்கு நிம்மதியாக இருந்தது. ஏதோ தோன்றி, தூங்கிய தாயின் நெற்றியிலும் கைவைத்தாள். கனவில் அது வாசல் வாசலாகப் போய், ஏற்கெனவே பிரிந்துபோன பிள்ளைகளை மோந்து தேடிக்கொண்டிருந்தது.

எஸ்தரின் கண் கலங்கியது. “தாயையும் கூட்டிட்டுப் போகட்டுமாக்கா?”

“அது என் உசுரும்மா, தரமாட்டேன். நீ குட்டியக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுப் போயேன்.”

குட்டியை வாங்கிவந்த எஸ்தர், ஞாயிறுதோறும் அதையும் கூட்டிக்கொண்டு போனாள். சில வாரங்களில், அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே தாய் தெருமுனைக்கு ஓடிவரத் தொடங்கியது.