கரைக்குக் கீழே

"ஏனுங்க, காயப்போட்ட துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டாச்சு. அடுப்பையும் அணைச்சாச்சு. மேல நின்னு பார்த்தா அந்த அதிகாரி கேரட் கொட்டாயின்னுதான் நெனைப்பாரு. மத்தியானம் உங்களுக்குப் பச்சைக் கேரட்டுத்தான் சோறு."

மனைவி தபித்தாள் சிரித்தபடி சொன்னாள். ஜஸ்டஸ் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மேடேறினார்.

நீலகிரியில் கேத்திக்கு மேலே, எஸ்டேட்டுக்குச் சொந்தமான சின்ன மண் அணை அது. நேர் கீழே, ஜஸ்டஸின் வீட்டையும் சேர்த்து, ஏழு வீடுகள். பட்டா கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. அணை உடைந்தால் எவ்வளவு ஆபத்து என்று தரம் பிரிக்க அதிகாரி வருகிறார், கீழே வீடு இருந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பேச்சு அடிபட்டது. அதனால் தகரக் கூரைகளின்மேல் சாக்குகளை விரித்து வைத்திருந்தார்கள். அதிகாரியோடு போகிறவர் எஸ்டேட் கிளார்க் ஜஸ்டஸ் என்பதால், மற்ற ஆறு வீட்டாரும் அவரிடம் வந்து கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதிகாரி ஏகநாதனுக்குச் சின்ன வயது. கரையை நடந்தே அளந்தார். ஓரிடத்தில் குனிந்து, கசிந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"கீழே குடியிருப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. கேரட் கழுவற கொட்டாய்ங்க."

"ஆள் தங்கறது?"

ஜஸ்டஸ் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் தங்கறதில்லீங்க."

'ஆபத்துக் குறைவு' என்ற கட்டத்தில் அதிகாரி குறியிட்டார்.

அன்று பக்கத்து வீட்டு ஆறுச்சாமி கோழி அடித்தார். ஒரே வார்த்தையில் ஏழு ஊட்டையும் காப்பாத்திட்டீங்க என்று அவர் ஜஸ்டஸின் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லி வாங்கின கோழிக்கு ருசி அதிகம்தான் என்றாள் தபித்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஏகநாதன் மறுபடியும் வந்தார். ஜஸ்டஸ் அருவங்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முதல் வருட ஐப்பசி மழையில், கரை உடைந்த இரவு, பஸ் நின்றுபோய் அங்கே அக்கா வீட்டில் தங்கியவர், பிறகு அங்கேயே இருந்துவிட்டார்.

கரையில் புது மண் போட்டு உயர்த்தியிருந்தார்கள். அளந்து முடித்த அதிகாரி கரையோரம் வந்து கீழே பார்த்தார்.

"ஒரு ஊடு இருக்குதுன்னு நீங்க அன்னைக்குச் சொல்லியிருந்தாலும் போதுங்க. கரையைப் பலப்படுத்தச் சொல்லி முதலாளிக்குத்தான் நோட்டீஸ் போயிருக்கும். உங்களை யாரும் காலி பண்ணச் சொல்லியிருக்க மாட்டாங்க."

ஜஸ்டஸ் தலையை ஆட்டிக்கொண்டார். படிவத்தின் அடுத்த கேள்விக்கு வந்ததும் அதிகாரியின் பேனா நின்றது. அவர் கேட்கும்வரை ஜஸ்டஸ் காத்திருக்கவில்லை.

"கீழே யாரும் இல்லீங்க. எழுதிக்குங்க."

இந்த முறை அது உண்மை. அணையின் தரம் மட்டும் மாறவில்லை, ஆபத்துக் குறைவுதான்.