கழுத்துக்கு வந்த பந்தயம்

வானத்தில் குட்டிக்கரணம் போடும் தன் கர்ணப் புறாக்களை நாளெல்லாம் அண்ணாந்து பார்த்ததில், சதாசிவத்துக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

வாரம் ஒருநாள் சிகாமட் நகரிலிருந்து தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்க வரும் டிரஸ்ஸர், கைவசமிருந்த கடைசித் தைலப் போத்தலைக் கொடுத்தார்.

"ஒரு மாசம் வானத்தையே பார்க்கக்கூடாது. புறாக்கூட்டைப் பூட்டு."

"ஞாயித்துக்கிழமை புறாப் பந்தயம் இருக்குங்களே, ஐயா!"

"பந்தயமா, கழுத்தா?"

மனைவி அங்கம்மா கூட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு மாலை, பந்தயம் நடந்த சிகாமட்டிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"யாரு புறா ஜெயிச்சது?"

"டிரஸ்ஸர் புறாதான்!"

"அடப்பாவி! அவரும் வளர்க்கிறாரா?"

"வீட்டு மாடியில முப்பது இருக்காம். ஆனா மாலை போட்டுக்கத் தலை குனிய முடியலை, பாவம். அண்ணாந்தபடியே கழுத்து பிடிச்சுக்கிச்சு. அந்தத் தைலத்தைத் திருப்பிக் கேட்கிறாரு."

சதாசிவம் போத்தலை நீட்டினார்.

"கொடுத்தனுப்பு. ஒரு மாசம் வானத்தையே பார்க்கக்கூடாதுன்னும் சொல்லு!"