மருந்து பாட்டில் மூடி

காலி மருந்து பாட்டிலின் மூடியைத் தம்பி அக்காவின் முன்னால் வைத்தான்.

"இது யார் முன்னால இருக்கோ அவங்கதான்க்கா கடைசியாப் பேசுவாங்க. போக்கர்ல இதவிட நல்ல இடம் கிடையாது."

காசுக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு. ஓர் ஆட்டம் முடிந்ததும் மூடி அடுத்தவருக்கு நகரும்.

மேசையைச் சுற்றி அவள், தம்பி, தங்கை, தங்கையின் கணவர். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பா இனி யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தார்கள். அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. தம்பி சீட்டுக்கட்டை எடுத்துவிட்டான்.

அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் உயிர்.

"மொதல்ல வாயத் தெறக்கறவன் பாடுதான் திண்டாட்டம். மத்தவங்க கையில என்ன இருக்குன்னே தெரியாது. அவங்க இவன் சொல்றதக் கேட்டுட்டு சாவகாசமா முடிவு பண்ணுவாங்க."

அவளுக்கு அது உடனே புரிந்தது. அம்மா போன மறுவாரம் இதே மேசையில், "நான் பாத்துக்கறேன்" என்று முதலில் சொன்னவள் அவள்தான். சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் முகத்துக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து அப்பாவைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"அப்புறம், வந்த சீட்டையெல்லாம் ஆடக் கூடாது. புதுசா ஆடறவங்க எல்லாரும் பண்ற தப்பு அது. ஜோடி வரணும், இல்ல ஏஸ், ராஜான்னு பெருசா வரணும். மத்தத வேண்டாம்னு கவுத்துடு. கடைசியாப் பேசறப்ப மட்டும் சுமாரானதக்கூட ஆடிப் பாக்கலாம்."

"வேண்டாம்," என்றாள். கவிழ்த்தாள்.

அடுத்த ஆட்டத்தில் உள்ளறையிலிருந்து டம்ளரைக் கரண்டியால் தட்டும் சத்தம். அப்பா கூப்பிடுகிறார். மூவரும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து போய், அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கை கழுவிவிட்டு வந்தாள். அதற்குள் அந்த ஆட்டம் முடிந்திருந்தது.

அதற்கடுத்ததும் வேண்டாம். அதற்கும் அடுத்ததும்.

"அக்கா விளையாட வந்தாளா, பொத்தானுக்குக் காவல் இருக்க வந்தாளா?" என்றாள் தங்கை.

மூடி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அவள் முன்னால் வந்தது. மூவரும் ஆடினார்கள். அவள் தன் இரண்டு சீட்டையும் நிதானமாகப் பார்த்தாள்.

"வேண்டாம்."

அந்த ஆட்டத்தைத் தங்கையின் கணவர் ஜெயித்தார். பொத்தான்களை வாரிக்கொண்டே தொண்டையைச் செருமினார். "சரி, மாமா விஷயம் என்ன பண்ணலாம்?"

மூன்று முகங்களும் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பின.

அவள் மூடியை விரலால் மெல்லத் தொட்டாள். "நான்தானே கடைசி. நீங்கல்லாம் சொல்லுங்க."

கை சும்மா இருக்க முடியாமல் தம்பி சீட்டுகளைச் சேர்த்தான். அவள் கவிழ்த்த இரண்டும் அவன் கையில் மல்லாந்தன.

இரண்டும் ஏஸ்.

"ஐயோ அக்கா, இதவிடப் பெரிய கையே கிடையாது! இதப் போய் வேண்டாம்னியா?"

"சொல்லிப் பழகிட்டிருந்தேன்டா."

உள்ளே கரண்டி டம்ளரில் தட்டியது.

அவள் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. யாருடையது என்று அவள் பார்க்கவில்லை.