ஆமெனுக்குக் காத்திருந்தவள்

கண்ணை மூடினாலும் இன்பசேகரனுக்கு மெயில்கள்தான் தெரிந்தன. நார்வே, கொரியா, பிரேசில் என்று அவன் பார்த்தே இராத தேசங்களிலிருந்து இலவம்பஞ்சாக மிதந்து வந்து அவன்மேல் இறங்கின.

"யூனியன் ஆரம்பிச்சாங்கன்னு கம்பெனியில ரெண்டு பொண்ணுங்கள வேலைய விட்டு நிறுத்தினோம், லீனா. திருப்பதியில நடந்தது ஒலகத்துக்கே எப்படித் தெரிஞ்சுதோ, திரும்ப எடுத்துக்கோன்னு எழுதிக்கினே கீறாங்க. எச்.ஆர். மேனேஜர்னு எல்லாம் எனக்குத்தான் வருது."

"எடுத்துக்க வேண்டிதுதான?" என்றாள் மனைவி, கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல். சர்ச் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"நான் எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்க. அப்புறம் என்னை வச்சிக்குவாங்களா?"

"சரி, வாங்க. ஜெபம் பண்ணலாம்."

தினமும்போல இருவரும் பாயில் முழங்காலிட்டார்கள். அவள் ஜெபிப்பாள், அவன் ஆமென் சொல்வான். சபைக்காக, ஊருக்காக, மழைக்காக என்று அவள் குரல் தாலாட்டாக ஓடியது. அவனுக்குக் கண் சொருகியது.

"ஆண்டவரே, வேலையிழந்து நிற்கிற யமுனாவையும் பாக்கியத்தையும் நினைத்தருளும். அவர்களுக்காக எழுதுகிற கைகளை ஆசீர்வதியும்."

அந்தப் பெயர்களை அவன் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தான். அணைக்காமல் விட்டிருந்த கம்ப்யூட்டரில், சர்ச் வெப்சைட்டின் பக்கத்தில், அவனுக்கு வந்துகொண்டிருந்த அதே கடிதம், அவனுடைய மெயில் முகவரியோடு இருந்தது. அதை அனுப்பியவர்களின் எண்ணிக்கை கீழே ஏறிக்கொண்டே போனது.

லீனா ஜெபத்தை முடித்துவிட்டாள். கண்ணைத் திறக்காமல், அவனுடைய ஆமெனுக்காகக் காத்திருந்தாள்.