எண்ணெய்க்கடையில் கரண்டு

"என் மூச்சு இருக்கிற வரைக்கும் அந்தப் பணத்தைத் தொட விடமாட்டேன்!"

பஞ்சாயத்து போர்டு கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினார் சீமெண்ணெய்க்கடை நல்லக்கண்ணு.

போர்டில் அவரும் ஒரு மெம்பர். அவர் கத்தியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சங்கரன்கோவில் தெருவிளக்குகளுக்கு எண்ணெய் சப்ளை செய்தவர் அவர்தான். இப்போது பாபநாசம் அணையிலிருந்து கரண்டு ஊருக்குள் வந்துவிட்டது. எண்ணெய்க்கென்று ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடந்தது. விளக்கேற்றிக்கொண்டிருந்த ஆறு பேருக்கும் வேலை போய்விட்டது.

அந்தப் பணத்தில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கலர் பல்பு வளைவு வைக்கலாம் என்றார் ஒருவர். வளைவில் போர்டு தலைவர் பெயர் இருக்கும் என்றதும் தலைவர் பலமாகத் தலையாட்டினார்.

மெம்பர் கோமதிநாயகம்தான் எழுந்தார்.

"வளைவைத் திங்க முடியுமாய்யா? நம்ம தெருவுக்கு வெளிச்சம் காட்டுன ஆறு குடும்பம் இன்னைக்கு இருட்டுல நிக்கி. அவங்களைத் திருநெல்வேலிக்கு அனுப்பி வயரிங் வேலை படிக்க வைப்போம். சுதந்திரம் வந்து நாலு வருஷமாச்சு. இதைக்கூட செய்யலைன்னா நாம எதுக்கு இங்கன உக்காந்திருக்கோம்?"

"திரி கிள்ளுனவனுக்குக் கரண்டு வேலையா? ஷாக்கடிச்சுச் செத்தா நீரு பொறுப்பாவே?" என்றார் நல்லக்கண்ணு.

"யாவாரம் போன எரிச்சல்ல பேசுதீரு. உக்காரும்வே!" என்றார் கோமதிநாயகம்.

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துத் தூக்கிய கை நல்லக்கண்ணுவுடையது மட்டும்தான்.

அன்று வீட்டுக்கு வந்த கோமதிநாயகம் மனைவியிடம் சொன்னார்.

"முத்துமாரி, ரெண்டு எலெக்சன்ல தோத்து, மூணாவதுல எதிர்த்து நிக்க ஆளில்லாம ஜெயிச்சவன் நானு. எனக்கு இப்படிப் பேச வரும்னு எனக்கே தெரியாதுட்டி!"

ஆறு பேரும் போனார்கள், படித்தார்கள், லைசென்ஸோடு திரும்பினார்கள்.

ஆனால் ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை.

"நேத்து வரைக்கும் எண்ணெய் டப்பா தூக்குனவன். வீட்டைக் கொளுத்திட்டான்னா?" என்றது ஊர்.

ஆறு பேரில் மூத்தவன் சிவனாண்டி. அவன் கோமதிநாயகம் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தான்.

"பொறுலே. நான் எல்லார்கிட்டயும் சொல்லுதேன்" என்றார் அவர். சொல்லவும் செய்தார். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அவன் போனதும் முத்துமாரியம்மாள் கேட்டாள்.

"நம்ம வீட்டுக்கும்தான் கரண்டு கேட்டு எழுதிக் குடுத்திருக்கு. அவனையே போடச் சொன்னா என்ன?"

கோமதிநாயகம் உத்தரத்தைப் பார்த்தார். நல்ல தேக்கு.

"சொல்லலாந்தான். முதல்ல நாலு வீட்டுல போட்டுக் கை பழகட்டுமே."

"அந்த நாலு வீட்டுக்காரங்களும் இதையேதான சொல்லுதாங்க?"

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போர்டுல பேசுதவன் ஒரு கோமதிநாயகம், வீட்டுல இருக்கவன் இன்னொரு கோமதிநாயகம். இந்த ரெண்டாவது பய சரியான பயந்தாங்கொள்ளிட்டி!"

தன்னைத் தானே வைதுகொண்டதில் மனசு லேசாகிவிட்டது. மறுநாள் திருநெல்வேலி வயர்மேன் ஒருவரை வரச்சொல்லி ஆளனுப்பினார்.

வயர்மேன் வந்த அன்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக அழைத்துப் போகப் பார்த்தார். சந்துக்குள் வழியை அடைத்துக்கொண்டு ஒரு பருத்தி வண்டி நின்றது. வேறு வழியில்லாமல் கடைத்தெருவுக்குள் இறங்கினார்.

நல்லக்கண்ணு கடை முன்னால் ஒரே கூட்டம். உள்ளே எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே ஏணி போட்டு நின்று, சிவனாண்டி வயர் இழுத்துக்கொண்டிருந்தான். மற்ற ஐந்து பேரும் கீழே நின்று உதவி செய்தார்கள்.

கோமதிநாயகத்தால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"என்னவே இது? எதிர்த்துக் கை தூக்குன ஆளுல்லா நீரு?"

"தூக்குனேன். அன்னைக்குக் கத்துனது நானில்லவே, என் வயிறு. யாவாரம் போச்சேன்னு ஒரே எரிச்சல்" என்று சிரித்தார் நல்லக்கண்ணு. "சீமெண்ணெய் விக்கிறவன் கடைக்குக் கரண்டு லைட்டு! ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கு. நானே சிரிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

"அதுக்காக எண்ணெய்க்கடையிலயா? பொறி பட்டா அம்புட்டும் போச்சேவே!"

"அதனாலதான் இங்கன போடச் சொன்னேன். எண்ணெய்க்கடையே பத்திக்கிடலைன்னா, அதுக்குப் பொறவு எந்த வீட்டுக்காரன் பயப்படுவான்?"

கோமதிநாயகம் வயர்மேனை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார்.

அப்போது ஏணி மேலிருந்து சிவனாண்டி திரும்பினான். அவருக்குப் பின்னால் நின்ற ஆளையும், தோல்பையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்க்ரூ திருப்புளியையும் பார்த்தான்.

"அண்ணாச்சி, கூட நிக்கிறவுக யாரு?"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. வயர்மேன் பதில் சொல்ல வாயெடுத்தார். கோமதிநாயகம் அவர் காலை மிதித்தார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

நல்லக்கண்ணு தோல்பையைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டிய கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்தார்.

"நான்தாம்லே வரச்சொன்னேன். உன் வேலையை ஒருக்கச் சரிபாத்துச் சொல்லட்டும்னு. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுக்கே போயி கூட்டிட்டு வந்திருக்காக" என்றார் எல்லோர் காதிலும் விழும்படி. "இங்கன சீக்கிரம் முடிலே. நாளைக்கு அண்ணாச்சி வீட்டுல உனக்கு வேலை இருக்கு. அதைச் சொல்லத்தான் இம்புட்டு நேரமும் நிக்காக."